கிளட்ச் பெடல் இல்லாத சின்ன கார்: கூடுதலாக 45,000 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: சேலையூரில் வசிக்கிறேன், வயது 43. பெருங்குடியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. பிடித்தம் போகக் கைக்கு 58,000 ரூபாய் வருகிறது. கணவர் சிறிய அச்சகம் நடத்துகிறார். மாதம் சராசரியாக 35,000 கிடைக்கும். வீட்டுக் கடன் தவணை 19,000. வங்கி வைப்பில் 5 லட்சம் இருக்கிறது. 2012-ல் வாங்கிய காரைத்தான் இன்றும் ஓட்டுகிறேன். இடது முழங்காலில் தேய்மானம், கிளட்ச் மிதிப்பதைக் குறையுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாருதி செலேரியோ காரில் ஏ.எம்.டி. (கிளட்ச் மிதிக்காமலே கியர் தானாக மாறும் வகை) பார்த்தேன். அதே காரின் மேனுவலைவிட 45,000 அதிகம். மைலேஜ் கூடுதலாகக் கிடைப்பதால் அந்தப் பணம் திரும்பி வந்துவிடும் என்கிறார் விற்பனையாளர். 'ஏ.எம்.டி. குலுங்கும், ரிப்பேர் வந்தால் பர்ஸ் காலி' என்கிறான் தம்பி. 7 வருடக் கடனில் மாதம் 8,850 கட்டினால் போதுமாம். எக்ஸ்டெண்டட் வாரண்டியை மட்டும் வீண் செலவு என்று வேண்டாமென்று சொல்லிவிட்டேன். கொட்டேஷனை இணைத்திருக்கிறேன். மாதம் 600 கிலோமீட்டர் ஓடும். என்ன செய்யலாம்?

பதில்: 45,000 ரூபாய்க்காக இவ்வளவு யோசித்திருக்கிறீர்கள். அதைவிடப் பெரிய தொகை அதே கொட்டேஷனில் வேறு இடங்களில் ஒழுகிக்கொண்டிருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் கேட்டதற்குப் பதில்: ஏ.எம்.டி.யையே வாங்குங்கள். மைலேஜுக்காக வாங்குகிறேன் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

விற்பனையாளர் சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சோதனைக்கூட அளவின்படி செலேரியோ மேனுவல் லிட்டருக்கு 25.24 கிலோமீட்டர், நீங்கள் பார்த்த ஏ.எம்.டி. 26.68. அவர் சொல்வது பொய் இல்லை, ஏ.எம்.டி.க்குத்தான் அதிகம். மாதம் 600 கிலோமீட்டருக்கு மிச்சமாவது ஒன்றேகால் லிட்டர் சொச்சம். பெட்ரோல் 101 ரூபாய் என்று வைத்தால் 130 ரூபாய். 45,000-க்குச் சாலை வரியும் சேர்த்தால் கூடுதல் செலவு ஏறத்தாழ 51,000. மாதம் 130 ரூபாய் வீதம் அதைத் திரும்ப எடுக்க 32 வருடம் ஆகும். அப்போது உங்களுக்கு வயது 75. அதிலும் கேம்ப் ரோடு, மேடவாக்கம், பள்ளிக்கரணை நெரிசலில் 26 கிடைக்காது. வீட்டு பட்ஜெட்டில் 15 என்றே எழுதுங்கள். 40 லிட்டர், மாதம் 4,000 ரூபாய்.

ஆக, அந்த 45,000 உங்கள் முழங்காலுக்கான செலவு. அப்படிப் பார்த்தால் விலை நியாயமானதுதான். சி.வி.டி. போன்ற மற்ற ஆட்டோமேட்டிக் வகைகள் இதைவிட வழுக்கிக்கொண்டு போகும், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கார்களின் விலைத் தட்டே வேறு. உங்கள் வருமானத்துக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம்.

தம்பி சொல்வதில் பாதி உண்மை. ஏ.எம்.டி. என்பது தனி வகை கியர்பாக்ஸ் கிடையாது. சாதாரண ஐந்து கியர் மேனுவல் பெட்டிதான், உள்ளே அதே கிளட்ச் தட்டுதான். உங்கள் இடது காலும் இடது கையும் செய்த வேலையை ஹைட்ராலிக் (எண்ணெய்) அழுத்தத்தில் இயங்கும் ஆக்சுவேட்டர் என்ற கருவியும் அதற்குக் கட்டளையிடும் ஒரு மின்னணுப் பெட்டியும் செய்கின்றன, அவ்வளவுதான். 2014-ல் முதல் செலேரியோதான் இதை இந்தியாவில் சின்ன கார் விலைக்குக் கொண்டுவந்தது. கியர் மாறும் நொடியில் இழுவை நிற்பதால், குறிப்பாக முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது, கார் லேசாகத் தலையாட்டும். அந்த நேரத்தில் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்திக் கொடுத்தால் ஆட்டம் பெருமளவு குறைந்துவிடும். ஒரு வாரத்தில் கால் பழகிவிடும்.

பர்ஸ் காலியாவது பெரும்பாலும் மேம்பாலத்தில்தான். ஏற்றத்தில் வண்டிகள் நிற்கும்போது பிரேக்கை விட்டுவிட்டு ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்தியே காரைப் பின்னால் உருளாமல் நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். கிளட்ச் பாதி பிடித்த நிலையிலேயே தேய்ந்துகொண்டிருக்கும், கருகிய வாசனைகூட வரும். ஏற்றத்தில் நின்றால் பிரேக், நேரம் ஆகும்போல் இருந்தால் ஹேண்ட்பிரேக். இந்த ஒரு பழக்கம் இருந்தால் கிளட்ச் தட்டுக்காகத் தனியாகப் பயப்பட வேண்டியதில்லை. கிளட்ச் தேய்கிற பொருள் என்பதால் வாரண்டியில் கேட்பதும் கஷ்டம். ஆக்சுவேட்டரும் மின்னணுப் பெட்டியும் அப்படியில்லை. அடிக்கடி கெடாது, கெட்டால் செலவு பெரியது. நிறுவன வாரண்டி 3 வருடம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர். எக்ஸ்டெண்டட் எடுத்தால் 6 வருடம் வரை நீட்டிக்கலாம். பழைய காரைப் பத்து வருடத்துக்கு மேல் வைத்திருந்தவர் நீங்கள், இதையும் அப்படித்தான் வைத்திருப்பீர்கள். கொட்டேஷனில் உங்களுக்கு நிஜமாகவே தேவையான ஒரே கூடுதல் சரக்கு அதுதான். அதைப் போய் அடித்துவிட்டீர்களே!

சரி, மிச்சத்தைப் பார்ப்போம். ஷோரூம் விலை 5,60,000. சாலை வரி 13 சதவீதம், 72,800. இதில் பேரம் கிடையாது. இன்சூரன்ஸ் 33,000. 'ஆக்சஸரீஸ் பேக்கேஜ்' 26,000. 'ஹேண்ட்லிங் மற்றும் டாக்குமென்டேஷன்' 8,500. கூட்டினால் 7 லட்சத்து 300.

ஹேண்ட்லிங் என்பது எதற்கு, ரசீதில் எந்தத் தலைப்பில் வரும் என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் கேள்வி போனதும் தொகையும் போய்விடும். ஆக்சஸரீஸில் கால்மிதி, மட்ஃபிளாப் தவிர எதுவும் அவசரம் இல்லை. சீட் கவரை வெளியில் போட்டுக்கொள்ளலாம். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி.யும் செஸ்ஸும் சேர்ந்த வரி 29 சதவீதத்திலிருந்து 18-ஆகக் குறைந்தது. அரசு விட்டுக்கொடுத்த அந்தப் பணத்தை குரோம் பட்டைக்கும் நியான் விளக்குக்கும் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இன்சூரன்ஸில் கொஞ்சம் நிற்க வேண்டும். பழைய காருக்கு ஐந்து வருடமாக கிளெய்ம் எதுவும் செய்யவில்லை என்றால், சொந்தச் சேதப் பகுதிக்கான (உங்கள் காரின் சேதத்தை ஈடுகட்டும் பகுதி) பிரீமியத்தில் 50 சதவீதம் 'நோ கிளெய்ம் போனஸ்' உங்களுக்கு உண்டு. அது காரோடு போவதில்லை, உங்களோடு வரும். பழைய காரை விற்றதும் அந்த இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் சான்றிதழ் வாங்கிப் புதிய பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள். உங்கள் கொட்டேஷனில் அந்தக் கழிவே இல்லை. ஷோரூம் சொல்லும் பாலிசியைத்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. புதிய காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று வருடத்துக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும், அதன் தொகை எங்கு போனாலும் ஒன்றுதான். செலேரியோ 998 சி.சி. என்பதால் ஆயிரத்துக்குட்பட்ட குறைந்த தட்டில் வருகிறது. வெளியில் இரண்டு இடத்தில் விலை கேட்டுவிட்டு ஷோரூமில் பேசுங்கள், அங்கேயே குறையும்.

குறைக்கக் கூடாத ஒன்று, என்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் காப்பீடு. நீங்கள் தினமும் போகும் வழி பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியது. 2015 டிசம்பரையும் 2023 மிக்ஜாம் புயலையும் அங்கே பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. தேங்கிய தண்ணீரில் ஓட்டி என்ஜினுக்குள் தண்ணீர் ஏறினால் சாதாரண பாலிசியில் அந்தச் சேதத்துக்குப் பணம் வராது.

இப்போது கடன். 'நாளைக்கு 300 ரூபாய்கூட வராது மேடம்' என்று சொல்லியிருப்பார்கள். 5.5 லட்சம், 9 சதவீதம், 7 வருடம்: மாதம் 8,850, மொத்த வட்டி சுமார் 1,93,000. கார் கடனில் வட்டியைவிட என்னைக் கவலைப்படுத்துவது வேறொன்று. மூன்று வருடம் முடிந்து நான்காம் வருடத்தில் கார் திருட்டுப் போகிறது அல்லது முழுசாக நொறுங்குகிறது என்று வையுங்கள். அந்த வயதுக் காருக்கு இன்சூரன்ஸ் நிர்ணயத்தில் 40 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். கையில் வருவது சுமார் 3,36,000. வங்கிக்குப் பாக்கி 3,55,000. கார் இல்லாமல் கடன் மட்டும் மிஞ்சும்.

என் யோசனை இது. மேலே சொன்னவற்றை வெட்டி, எக்ஸ்டெண்டட் வாரண்டியையும் சேர்த்தால் சாலைக்கு வரும் விலை 6,70,000-ஐ ஒட்டி நிற்கும். கடன் 3 லட்சம் மட்டும், 4 வருடம். தவணை 7,470, அவர்கள் சொன்னதைவிடக் குறைவு. மொத்த வட்டி 58,000 சொச்சம். நான்காம் வருடத் தொடக்கத்தில் பாக்கி 85,000 தான் இருக்கும். மீதி 3,70,000-க்கு பழைய கார் விற்ற பணத்தையும் வைப்பிலிருந்து சுமார் 2,90,000-ஐயும் போடுங்கள். எக்ஸ்சேஞ்சில் 70,000 என்கிறார்கள். வெளியில் விசாரித்தால் 80,000 வரலாம், அவசரமாகத் தள்ளிவிடாதீர்கள்.

வைப்பை உடைக்க மனம் வராது, தெரியும். ஆனால் வைப்பில் ஆறரை சதவீதம் வாங்கி அதற்கு வருமான வரியும் கட்டிக்கொண்டு, இன்னொரு பக்கம் 9 சதவீதத்துக்குக் கடன் வாங்குவதில் லாபம் வங்கிக்குத்தான். மிச்சம் 2,10,000 இருக்கும். அதைத் தொடாதீர்கள். கணவருடைய வருமானம் மாதாமாதம் ஒரே சீராக வருவதில்லை என்பதால் உங்கள் வீட்டுக்கு அந்த இருப்பு அவசியம். கார் வந்தபின் தவணை, பெட்ரோல், இன்சூரன்ஸுக்கும் டயர், கிளட்ச் போன்றவற்றுக்கும் மாதம் ஒதுக்கும் 3,000 எல்லாம் சேர்த்து 14,500 ஆகும். வீட்டுத் தவணையோடு சேர்த்தால் 33,500. உங்கள் சம்பளத்திலேயே அடங்குகிறது. அச்சகத்துக்கு மந்தமான மாதம் வந்தாலும் தவணை தவறாது.

பழைய ஏ.எம்.டி. வாங்கலாமா என்றும் சிலர் கேட்பார்கள். முந்தைய உரிமையாளர் மேம்பாலத்தில் எப்படி ஓட்டினார் என்று தெரியாமல் நான் வாங்க மாட்டேன்.

முன்பணம் கொடுக்கும் முன் டெஸ்ட் டிரைவை ஞாயிறு காலை வெறும் சாலையில் முடித்துவிடாதீர்கள். வார நாளில் மாலை ஆறு மணிக்கு, நீங்களே ஓட்டி, மேடவாக்கம் வழியாக ஒரு முறை போய் வாருங்கள். பாலத்து ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். தம்பியைப் பின் சீட்டில் உட்கார வையுங்கள். தலையாட்டல் எவ்வளவு என்று அவரே சொல்லட்டும்.