டிஸ்க் கால்ஃபில் யார் தொழில்முறை ஆட்டக்காரர்?

அன்புள்ள ஐயா,

விளையாட்டுகளைப் பற்றிய உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். நான் வட கரோலினாவின் சார்லட் நகரில் வசிக்கிறேன். அலுவலக நண்பர்களுடன் சில ஆண்டுகளாக, வட்டைக் கூடையில் வீசும் ஆட்டமான டிஸ்க் கால்ஃப் ஆடுகிறேன். சென்ற மாதம் இங்கே நடந்த ஒருநாள் போட்டியில் என் நண்பர், பெரிய ஆட்டக்காரர்களுடன் ஆடிப் பார்க்கும் ஆசையில், புரொஃபஷனல்களுக்கான ஓப்பன் பிரிவில் பெயர் கொடுத்தார். அவருடைய ரேட்டிங், அதாவது ஆட்டத்திறனைக் காட்டும் புள்ளி, 948. பரிசுப்பணம் உண்டு என்ற வரிசையில் கடைசி இடம் அவருக்குக் கிடைத்தது. 65 டாலரை வாங்கிக்கொண்டார். அதோடு அவர் புரொஃபஷனல் ஆகிவிட்டார் என்கிறார்கள். அதே நாளில் அமெச்சூர் பிரிவில் முதலிடம் பெற்றவர் 160 டாலர் வவுச்சரோடு வீட்டுக்குப் போனார். அவர் இன்னும் அமெச்சூர்தான். வார நாட்களில் வங்கியில் வேலை பார்க்கும் ஒருவரைத் தொழில்முறை ஆட்டக்காரர் என்பது நியாயமா? இந்தப் பாகுபாட்டையே எடுத்துவிட்டு ரேட்டிங்கை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன? என் நண்பர் இனி என்ன செய்யலாம்?

ஒரு வாசகர், சார்லட்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பருக்கு நடந்தது விதிப்படிதான் நடந்திருக்கிறது. அந்த விதியைத்தான் மாற்ற வேண்டும் என்று நினைக்கிறேன்.

பிளாஸ்டிக் வட்டை வீசிச் சங்கிலி தொங்கும் கூடையில் விழவைக்கும் இந்த ஆட்டத்தை முறைப்படுத்தும் அமைப்பான பிடிஜிஏ, உறுப்பினர் ஒவ்வொருவரையும் அமெச்சூர் அல்லது புரொஃபஷனல் என்று பதிவு செய்கிறது. ஒருவர் எவ்வளவு நன்றாக ஆடுகிறார், ஆட்டத்தால் பிழைக்கிறாரா என்பதெல்லாம் அந்தப் பதிவில் கணக்கில்லை. புரொஃபஷனல் பிரிவு ஒன்றில் ஆடி, பரிசுப்பணத்தை ரொக்கமாக ஏற்றுக்கொண்டால் அவர் புரொஃபஷனல். அதே இடத்தைப் பிடித்துவிட்டு, பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அமெச்சூராகவே இருக்கலாம். உங்கள் நண்பர் போட்டி இயக்குநரின் மேசை முன்னால் நின்றபோது அவருக்கும் அந்த வழி திறந்தே இருந்தது. இதை அவருக்கு யாராவது எடுத்துச் சொன்னார்களா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. சொல்லியிருக்க வேண்டும், நாள் முழுக்க ஆடிக் களைத்தவரிடம் பணத்தை நீட்டும்போது இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வது இயக்குநரின் கடமை என்றே கருதுகிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பல போட்டிகளில் ஆளுக்குச் சிறு தொகை போட்டுச் சேர்க்கும் ஏஸ் பூல் உண்டு. ஒரே வீச்சில் கூடையில் போட்டவருக்கு அந்தப் பணம் போகும். அது சில நூறு டாலராகக்கூடச் சேர்ந்திருக்கலாம். பிரிவின் பரிசாக வராமல் பக்கப் போட்டியில் வருவதால், அதை வாங்கும் அமெச்சூரின் தகுதி மாறாது. 65 டாலர் ஒருவரை மாற்றிவிடுகிறது, அதைவிடப் பெரிய தொகை இன்னொருவரைத் தொடுவதே இல்லை என்றால், அந்தக் கோடு தவறான இடத்தில் போடப்பட்டிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

அது ஏன் அங்கே போடப்பட்டது என்பதற்குக் காரணம் உண்டு. சங்கிலிக் கூடையை உருவாக்கிய எட் ஹெட்ரிக் 1976இல் இந்த அமைப்பைத் தொடங்கியபோது, இந்த ஆட்டத்துக்கு நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்க வரும் கூட்டமோ தொலைக்காட்சி வருமானமோ கிடையாது. ஆடுகிறவர்கள் கட்டிய நுழைவுக் கட்டணமே பரிசாகத் திரும்பி வந்தது. சிறிய போட்டிகளில் இன்றைக்கும் பெரும்பாலும் அப்படித்தான். அமெச்சூர்களுக்கு ரொக்கம் கூடாது என்பதால் வட்டுகளும் பைகளும் வவுச்சர்களும் தரப்படுகின்றன. அவற்றின் மதிப்பு கடையில் விற்கும் விலையில் கணக்கிடப்படுகிறது, ஆனால் போட்டி நடத்துபவர் அவற்றை மொத்த விலைக்கு வாங்கியிருப்பார். இரண்டுக்கும் இடையில் மிஞ்சும் தொகையில்தான் மைதான வாடகை முதல் ஓப்பன் பிரிவின் பரிசுத்தொகையில் ஒரு பங்குவரை பல செலவுகள் ஓடுகின்றன. இதைச் சொல்வது போட்டி நடத்துபவர்களைக் குறைகூறுவதற்காக அல்ல. அவர்களில் பலர் வார இறுதியைக் கொடுத்து, கைக்காசும் போட்டு இந்த ஆட்டத்தை வளர்த்தவர்கள். ஆனால் அமெச்சூருக்குப் பொருள், புரொஃபஷனலுக்குப் பணம் என்ற ஏற்பாடு நிலைத்து நிற்பதில் இந்தக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

பணம் கைமாறும் வடிவத்தை வைத்து ஆட்களைப் பிரிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கிரிக்கெட்டே சாட்சி. இங்கிலாந்தில் அமெச்சூர்கள் 'ஜென்டில்மென்', சம்பளம் வாங்குபவர்கள் 'பிளேயர்ஸ்'. டபிள்யூ. ஜி. கிரேஸ் கடைசிவரை அமெச்சூர்; ஆனால் செலவுத்தொகை என்ற பெயரிலும் பிற வழிகளிலும் அவர் ஈட்டியது, சம்பளம் வாங்கியவர்கள் ஈட்டியதைவிட மிக அதிகம். 1950இல் லார்ட்ஸ் மைதானத்தில், சம்பளம் வாங்கும் ஆட்டக்காரரான ஃப்ரெட் டிட்மஸ் மட்டை பிடிக்க வந்தபோது, ஆட்ட அட்டையில் அவருடைய முதலெழுத்துகள் பெயருக்கு முன்னால் அச்சாகிவிட்டன, அவை பின்னால் வர வேண்டும் என்று ஒலிபெருக்கியில் திருத்தம் சொன்னார்கள். முன்னால் வருவது அமெச்சூர்களுக்கு மட்டுமே உரிய மரியாதை. 1962இல் அந்தப் பிரிவினை கைவிடப்பட்டது. டிஸ்க் கால்ஃபில் அத்தகைய வர்க்க இழிவு இல்லை, அதை இதோடு சமப்படுத்தவும் மாட்டேன். ஆனால் கிரேஸின் செலவுத்தொகையும் உங்கள் ஊரின் 160 டாலர் வவுச்சரும் ஒரே ஓட்டை வழியாகத்தான் வருகின்றன.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ரேட்டிங் மட்டும் போதும் என்பதில் பாதி ஏற்கனவே நடப்பில் இருக்கிறது. 935க்குக் கீழே இருப்பவர் இன்டர்மீடியட், 900க்குக் கீழே ரெக்ரியேஷனல், 850க்குக் கீழே நாவிஸ் என்று பிரிவுகள் உண்டு. புரொஃபஷனலாகப் பதிவானவரும் 970க்குக் கீழே இருந்தால், பெரிய போட்டிகள் நீங்கலாக, அட்வான்ஸ்டு எனும் அமெச்சூர் பிரிவில் ஆடலாம். சராசரிக் கடினமுள்ள மைதானத்தில் ஒரு வீச்சு ஏறக்குறைய 10 புள்ளி. 1000 புள்ளிக்காரரைவிட உங்கள் நண்பர் ஒரு சுற்றில் ஐந்து வீச்சு பின்தங்கியவர் என்பதை 948 என்ற எண் துல்லியமாகச் சொல்லிவிடுகிறது. அவர் புரொஃபஷனல் என்ற பதிவு இதைச் சொல்வதில்லை.

ஆனாலும் ரேட்டிங்கை மட்டும் நம்ப என்னால் முடியவில்லை. அது சுமார் ஓராண்டு ஆட்டத்தின் சராசரி. சமீபத்திய கால் பங்குச் சுற்றுகளை இரு மடங்காக எண்ணினாலும், வேகமாக முன்னேறும் பதினாறு வயதுப் பையன் எப்போதும் தன் எண்ணுக்கு மேலேதான் ஆடிக்கொண்டிருப்பான். வேண்டுமென்றே மோசமாக வீசி 934இல் உட்கார்ந்துகொள்ளும் ஆசையும் சிலருக்கு வரும். சராசரியைவிட 100 புள்ளிக்கு மேல் சரியும் சுற்று கணக்கிலிருந்து நீக்கப்படுவதால் பெரிய ஏமாற்று நடக்காது. ஆனால் கடைசிக் கூடைகளில் இரண்டு வீச்சு கூடுதலாகப் போடுபவரை எந்தச் சூத்திரமும் பிடிக்காது. அவரை அப்படி ஆடவைப்பது கீழ்ப்பிரிவுப் பரிசுகளின் மதிப்புதான். அதனால் அமெச்சூர் பிரிவுகளில் கோப்பை மட்டும் கொடுத்து நுழைவுக் கட்டணத்தைக் குறைக்கும் போட்டிகளை மனமார ஆதரிக்கிறேன்.

பதிவு முறையையே ஒழிக்கவும் நான் கேட்கவில்லை. உச்சியில் இது இப்போது உண்மையாகவே தொழில். முன்னணி ஆட்டக்காரர் பால் மெக்பெத் 2021இல் வட்டு தயாரிக்கும் டிஸ்கிராஃப்ட் நிறுவனத்துடன் பத்தாண்டுகளுக்கு ஒரு கோடி டாலர் ஒப்பந்தம் செய்தார். அவரும் உங்கள் நண்பரும் ஒரே பதிவின் கீழ் வருவதுதான் பொருந்தவில்லை. கால்ஃப் 2022இல் தன் விதியைத் திருத்தியபோது, திறன் குறைந்தவர்களுக்குத் தரும் ஹேண்டிகேப் சலுகை இல்லாத போட்டிகளில் 1000 டாலர்வரை ரொக்கமாகவே வாங்கிக்கொண்டு அமெச்சூராகத் தொடரலாம் என்றது. டிஸ்க் கால்ஃபும் அப்படி ஒரு வரம்பை வைக்கட்டும், ரொக்கத்தையும் வவுச்சரையும் ஒரே கண்ணால் பார்க்கட்டும். தொகை சிறிதாக இருக்கலாம். சில நூறு டாலர் போதும்.

உங்கள் நண்பருக்கு: அவர் அதிகம் இழந்துவிடவில்லை. உள்ளூர்ப் போட்டிகளில் அட்வான்ஸ்டு பிரிவில் ஆட 948 இடம் தருகிறது. அமெச்சூர் உலகப் போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் மட்டும், அமெச்சூராக மறுவகைப்படுத்தக் கோரி பிடிஜிஏவுக்கு விண்ணப்பிக்கலாம். அப்படி விண்ணப்பிப்பதாக இருந்தால், முடிவு தெரியும்வரை ஓப்பன் பிரிவில் இன்னொரு முறை பணம் வாங்காமல் இருக்கட்டும்.

அன்புடன்