பழைய ஜீப் வாங்குமுன் எஞ்சினைப் பற்றிக் கேளுங்கள்

தெமட்டகொடையில் இருபத்திரண்டு வருடமாக ஃபோர் வீல் டீசல் வண்டிகள் திருத்துகிறேன். இன்று எஞ்சின் பற்றி மட்டும் கேளுங்கள், பெயருக்குப் பதிலாக ஊரைப் போடுங்கள்.

வெள்ளவத்தை: அண்ணா, ஞாயிறு ஒரு பழைய மொண்டெரோ பார்க்கப் போகிறேன். மெக்கானிக் வரவில்லை. நானே எதைப் பார்ப்பது?

காலையிலேயே போங்கள், தம்பி. போகும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் பொனட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள், வேறொரு நாள் போகலாம். சூடான எஞ்சின் தன் நோயைக் காட்டாது.

குளிர்ந்திருந்தால் ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். துருத் தண்ணீர் என்றால் கூலண்ட் ஊற்றாமலே ஓட்டியிருக்கிறார்கள். ஒயில் மிதந்தால் அந்த வண்டி வேண்டாம். ரேடியேட்டரின் மேல் ஹோஸை அமுக்குங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் அது மெத்தென்று இருக்க வேண்டும். கல் மாதிரி இருந்தால் சிலிண்டர் காற்று தண்ணீருக்குள் போகிறது. ஹெட், அதாவது சிலிண்டர்களின் மேலுள்ள மூடி, வெடித்து விரிசல் விட்டிருக்கும், இல்லையென்றால் அதன் அடியிலுள்ள கஸ்கட் போயிருக்கும். மொண்டெரோவின் 4டி56, 4எம்40 எஞ்சின்கள் இரண்டுமே ஒருமுறை நன்றாகச் சூடேறினால் ஹெட் வெடிக்கக்கூடியவை.

பிறகு ஸ்டார்ட் பண்ணுங்கள், ஒருவர் சைலன்சர் பக்கம் நிற்கட்டும். தொடக்கத்தில் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்தால் ஸ்டார்ட்டுக்கு முன் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் பலவீனமாக இருக்கலாம். எஞ்சின் சூடான பின்னும் இனிப்பு வாடையோடு வந்தால் கூலண்ட் எரிகிறது. நீலம் என்றால் ஒயில். அக்சிலேட்டர் மிதிக்கும்போது கறுப்பு வந்தால் ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர், பம்ப் பாருங்கள். அப்புறம் ஒயில் மூடியைத் தளர்த்தி அப்படியே மேலே வையுங்கள். துள்ளி விழுந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது.

4டி56 என்றால் டைமிங் பெல்ட் மாற்றிய ரசீது கேளுங்கள். இல்லையென்றால் வாங்கிய வாரமே மாற்றுங்கள்.

வத்தளை: மீட்டர் 140,000 கிலோமீட்டர் காட்டுகிறது. நம்பலாமா?

நம்ப வேண்டாம். பிரேக் பெடல் ரப்பரையும் ஸ்டீயரிங்கையும் பாருங்கள், அவை பொய் சொல்லாது.

கொட்டாஞ்சேனை: 1கேடி எஞ்சின் பிராடோ. காலையில் டக் டக் என்று சத்தம், பிறகு சரியாகிறது. விற்பவர் டீசல் அப்படித்தான் என்கிறார்.

அப்படியில்லை. இந்த எஞ்சினில் இன்ஜெக்டர் அடியிலுள்ள செப்பு வாஷர் கசியும். எரிந்த வாயு ஒயிலோடு கலந்து கரி கட்டி, சம்புக்குள் (எஞ்சின் அடியிலுள்ள ஒயில் தட்டுக்குள்) இருக்கும் ஒயில் வடிகட்டியை அடைக்கும். பிறகு ஒயில் அழுத்தம் விழுந்து எஞ்சினே போய்விடும். சம்பைக் கழற்றிப் பார்க்க விடுவாரா என்று கேளுங்கள். விடாவிட்டால் இன்ஜெக்டர் செலவைக் கழித்து விலை பேசுங்கள்.

மட்டக்குளி: தம்பி, நாற்பது வருடமாக ஜீப் ஓட்டுகிறேன். நம்ம வெயிலுக்கு தேர்மோஸ்டாட் தேவையில்லை. கழற்றி எறிந்தேன், சூடே ஏறவில்லை.

ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். தேர்மோஸ்டாட், அதாவது எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் வால்வு, பல எஞ்சின்களில் 82 பாகை அளவில்தான் திறக்கும். அதைக் கழற்றினால் எஞ்சின் தேவையான சூட்டுக்கு வராது, டீசல் கூடும், சிலிண்டர் தேயும். சில எஞ்சின்களில் பைபாஸ் வழியும் திறந்தே கிடக்கும். சுடுதண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் உள்ளேயே சுற்றும், ஏற்றத்தில் இன்னும் சூடாகும்.

மட்டக்குளி: கொழும்பில் ஏது ஏற்றம்?

அதுதான் ஆபத்து. அடைத்த ரேடியேட்டரை மறைக்கத்தான் விற்பவர்கள் இதைக் கழற்றுகிறார்கள். காலி வீதியில் சூட்டு மீட்டர் ஊசி கீழேயே நிற்கும், கண்டி வீதியில் கடுகண்ணாவை ஏறும்போது ஹெட் வெடிக்கும். வாங்குபவர்கள் இப்படிப் பாருங்கள்: குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி மேல் ஹோஸில் கை வையுங்கள். சில நிமிடம் குளிராக இருந்து திடீரென்று சுட்டால் தேர்மோஸ்டாட் இருக்கிறது. ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடானால் இல்லை.

தெஹிவளை: நானும் கழற்றினேன், பத்து வருடம் ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த சொந்தக்காரருக்கு ஆகும். விற்கும்போது சொல்லிவிடுங்கள், தயவு செய்து.

நுகேகொடை: மீட்டர் 90,000 தான்...

மேலே சொல்லிவிட்டேன்.

கிருலப்பனை: புகைச் சான்றிதழ் இருக்கிறதே, போதாதா?

போதாது. அது புகையை அளக்கிறது, ஹெட்டை அல்ல.

கொலன்னாவை: 2016 வெள்ளத்தில் நின்ற வண்டி, மலிவு.

சக்கரங்களைச் சுழற்றும் டிஃபரன்ஷல் பெட்டியின் ஒயிலை இறக்கிப் பாருங்கள். பால் நிறமாக இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணியிருந்தால் பிஸ்டனைப் பிடித்திருக்கும் கொனெக்டிங் ரொட் வளைந்திருக்கும். என் தங்கைக்கு வாங்கிக் கொடுக்க மாட்டேன்.

பம்பலப்பிட்டி: எஞ்சின் மாற்றிய வண்டி?

பதிவுப் புத்தகத்திலுள்ள எஞ்சின் நம்பரும் வண்டியிலுள்ளதும் பொருந்த வேண்டும். இல்லையென்றால் நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரிக்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

மட்டக்குளி: சரி தம்பி, தேர்மோஸ்டாட்டைப் பூட்டித்தான் பார்ப்போமே. பழையது இல்லை. எங்கே வாங்குவது?

மெத்தச் சந்தோஷம், ஐயா. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் எஞ்சின் நம்பரைக் காட்டிக் கேளுங்கள். பூட்டுவதற்கு முன் ஒரு பாத்திரத்தில் தண்ணீரோடு போட்டு அடுப்பில் வையுங்கள். கொதி வருவதற்கு முன்னமே திறக்க வேண்டும். திறக்காவிட்டால் அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.