தம்பி ஓட்டும் வண்டி, அக்கா பெயரில் ஆர்சி

கேள்வி: தண்டையார்பேட்டையில் தையல் யூனிட்டில் வேலை. சம்பளம் 16,000. தம்பிக்குக் கடன் கிடைக்காததால் என் பெயரில் ஸ்கூட்டர் எடுத்துக் கொடுத்தேன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. தவணை 3,900, இன்னும் 14 பாக்கி. ஒரு மாதம் அவன் தருவான், மறு மாதம் நான்தான் கட்டுவேன். போன வாரம் எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி உரசி விழுந்து, சிராய்ப்போடு தப்பித்தான். எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) போட்டதோடு சரி, லைசென்ஸ் எடுக்கவில்லை. ஷோரூமில் 5 வருஷ இன்சூரன்ஸ் என்றார்கள். தெரிந்த ஏஜென்ட், வரப்போகும் 50,000 சீட்டுப் பணத்தை விபத்துக் காப்பீடும் முதலீடும் சேர்ந்த பாலிசியில் போடச் சொல்கிறார். போடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. முதலீட்டையும் காப்பீட்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி விற்றால் இரண்டுமே அரைகுறையாகத்தான் வரும். அதைவிட, தம்பிக்காக உங்கள் பெயரைக் கொடுத்தீர்களே, ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

பாலிசி தாளை எடுத்துப் பாருங்கள். 5 வருஷம் என்பது மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு மட்டும்; அதாவது வண்டி மோதி அடிபடும் அடுத்தவருக்கு. 'ஓனர் டிரைவர்' என்று ஒரு வரி தனியாக இருக்கும். அதுதான் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு. பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குத்தான் போட்டிருப்பார்கள். அதுவும் ஆர்சியில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், பெயர் உள்ளவர், செல்லுபடியாகும் லைசென்ஸோடு ஓட்டி அடிபட்டால்தான். உங்களிடம் லைசென்ஸ் இல்லை, ஆர்சியில் தம்பி பெயர் இல்லை. அந்த 15 லட்சம் உங்கள் வீட்டில் யாருக்குமே உதவாது.

இன்னொன்று என்னை அதிகம் உறுத்துகிறது. லைசென்ஸ் இல்லாத தம்பி நாளை ஒருவர்மேல் மோதிவிட்டால், விபத்து வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயம் சொல்லும் இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டு, உரிமையாளரான உங்களிடமிருந்து வசூலிக்க வரலாம். காயத்துக்கும் உயிரிழப்புக்கும் சட்டத்தில் உச்சவரம்பு கிடையாது. 16,000 சம்பளத்தில் எத்தனை வருஷம் கட்டுவீர்கள்? லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்ததற்கே 5,000 ரூபாய் அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு.

கணக்கு போடுவோம். 14 தவணை, தலா 3,900, மொத்தம் 54,600. வரப்போகும் வட்டியைக் கழித்தால் 50,000-ஐ ஒட்டி வரும்; முன்கூட்டி முடிக்கும் கட்டணம் தனி. சீட்டுப் பணத்தில் கடனை முடித்து, கடன் கொடுத்தவரிடம் என்ஓசியும் (தடையில்லாச் சான்று), ஆர்சியிலிருந்து கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் வாங்குங்கள். படிவம் 29, 30 கொடுத்து ஆர்சியைத் தம்பி பெயருக்கு மாற்றுங்கள். 14 நாளுக்குள் பாலிசியையும் மாற்றச் சொல்லுங்கள். அப்புறம் 15 லட்ச கவரை அவர் தன் பெயரில் எடுக்கட்டும். 2018-ல் இந்த 15 லட்ச கவர் வந்தபோது வருஷத்துக்கு 750 ரூபாய். இப்போது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மாதம் 3,900-ஐ அவர் உங்களிடம் திருப்பித் தரட்டும்.

வங்கிக் கணக்கில் வருஷம் 20 ரூபாய் பிடிக்கும் பிரதமரின் விபத்துக் காப்பீட்டில் அவரை இந்த வாரமே சேர்த்துவிடுங்கள். விபத்து மரணத்துக்கு 2 லட்சம்.

தம்பி முகம் சுளிப்பார், அம்மாவும் அவர் பக்கம் பேசுவார். சரி, பேசட்டும். லைசென்ஸ் கைக்கு வரும்வரை சாவி உங்களிடமே இருக்கட்டும்.