பெரிய டேப்லெட் வாங்கினால் பனியன் கம்பெனிக்கு லேப்டாப் வேண்டாமா?

கேட்டிருப்பது இது: திருப்பூரில் பத்துப் பன்னிரண்டு பவர் டேபிள் (மோட்டார் தையல் மெஷின்) வைத்து, பிறர் துணியைத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க். பழைய லேப்டாப் படுத்துவிட்டது. கீபோர்டு உறையோடு 13, 14 அங்குல டேப்லெட் எடுத்தால் கணக்கு எழுதும் டேலி, ஜிஎஸ்டி, மெயில் எல்லாம் அதிலேயே ஓட்டலாமா? கோவையில் என்ஜினியரிங் சேரப்போகும் மகளுக்கும் அதுவே ஆகுமா?

கடையில் போய் நின்றால் பிராசஸர், ராம், திரை என்று ஆரம்பிப்பார்கள். அதை அப்புறம் பார்க்கலாமுங்க. பழைய லேப்டாப்பின் இரண்டு பக்கமும் இத்தனை நாள் என்னென்ன சொருகியிருந்தது என்று முதலில் நினைத்துப் பாருங்க. டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் பென்டிரைவ் மாதிரியான சாதனம்), சலான் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், பாலிபேக் ஸ்டிக்கர் அடிக்கும் பிரிண்டர், ஆடிட்டர் ஆபீஸுக்குப் போய்வரும் பென்டிரைவ். டேப்லெட் மாட்டிக்கொள்வது இங்கேதான். வேகத்தில் அதற்கு ஒரு குறையும் இல்லை.

டேலி பிரைம் விண்டோஸ் புரோகிராம். ஐபேடிலோ ஆண்ட்ராய்டிலோ இன்ஸ்டால் செய்து வவுச்சர் போடுகிற டேலி கிடையாது. ரிப்போர்ட்டை பிரவுசரில் பார்க்கலாம், அவ்வளவுதான். ஜிஎஸ்டி கொஞ்சம் பரவாயில்லை. நீங்கள் தனி உரிமையாளர் என்றால் ரிட்டனை ஓடிபி வைத்தே முடிக்கலாம், டேப்லெட் பிரவுசர் போதும். சரக்கு அனுப்பப் போடும் இவே பில்லும் அப்படியே; குரோமில் ‘டெஸ்க்டாப் சைட்’ என்பதை டிக் செய்துவிட்டால் பக்கம் ஒழுங்காக விரியும். ஆனால் பிரைவேட் லிமிடெட்டோ எல்எல்பியோ ஆக மாற்றியிருந்தால் டிஎஸ்சி வேண்டும். அதற்கு எம்சைனர் என்ற கையெழுத்துப் போடும் புரோகிராம் ஓடணும், டோக்கனின் டிரைவர் ஏறணும். இரண்டுமே கம்ப்யூட்டர் சமாச்சாரம். டேப்லெட்டின் சி போர்ட்டில் அடாப்டர் போட்டு டோக்கனைச் சொருகினால் அதில் விளக்கு எரியும், கையெழுத்து விழாது.

எக்ஸெலில் இரண்டு சிக்கல். மேக்ரோ (தானாக ஓடும் கட்டளைகள்) உள்ள ஃபைல், அதாவது ஜிஎஸ்டி ஆஃப்லைன் டூல்களும் பட்டனை அமுக்கினால் கணக்குப் போடுகிற வாரச் சம்பள ஷீட்டும், டேப்லெட் எக்ஸெலில் திறக்கும். பட்டன் வேலை செய்யாது. இன்னொன்று பலருக்குத் தெரியாது. மைக்ரோசாஃப்ட்டின் மொபைல் ஆப்களில் இலவசமாக எடிட் செய்வது 10.1 அங்குலம் வரைக்கும்தான். பெரிய திரை என்றால் 365 சந்தா கட்டணும். சின்ன டேப்லெட்டில் ஓசியில் ஓடிய அதே ஃபைல் பெரியதில் ‘பார்க்க மட்டும்’ என்று நிற்கும். டேப்லெட் விலையோடு கீபோர்டு உறை, பேனா, யூஎஸ்பி ஹப், இந்தச் சந்தா எல்லாவற்றையும் கூட்டிவிட்டு, அந்தப் பணத்துக்கு என்ன லேப்டாப் வரும் என்று ஒருதரம் விசாரித்துக்கொள்ளுங்க.

பிரிண்டரில் பேச்சுக்கே இடமில்லை. டேப்லெட் வைஃபை பிரிண்டரோடுதான் பேசும், அதுவும் ஏர்பிரிண்ட், மாப்ரியா என்ற டிரைவர் இல்லாமல் அடிக்கும் முறைகள் தெரிந்தவற்றோடு. மூன்று காப்பி கார்பன் தாளில் டறடறவென்று அடிக்கும் யூஎஸ்பி டாட் மேட்ரிக்ஸுக்கு அதில் டிரைவர் இல்லை.

‘விண்டோஸ் டேப்லெட் எடுத்தால் தீர்ந்ததே’ என்பார்கள். சர்ஃபேஸ் புரோ போன்றவை உண்மையில் கீபோர்டு கழன்று வரும் லேப்டாப்புகள். இன்டெல் சிப் உள்ளதில் மேலே சொன்ன பெரும்பாலானது ஓடும். ஸ்னாப்டிராகன் சிப் போட்டது என்றால் கவனமுங்க. சாதாரண புரோகிராம்களை அது மொழிபெயர்த்து ஓட்டிவிடும். டிரைவர்களை அப்படி ஓட்டாது. டோக்கனுக்கும் பிரிண்டருக்கும் ஆர்ம் விண்டோஸுக்கென்றே (ஸ்னாப்டிராகன் வகைச் சிப்பில் ஓடும் விண்டோஸ்) எழுதிய டிரைவர் இருக்கிறதா என்று கேட்காமல் வாங்காதீங்க.

அப்படியும் டேப்லெட்தான் வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது, நல்ல வழிதான். கம்பெனியில் ஒரு கம்ப்யூட்டர் நிரந்தரமாக உட்காரணும்; டேப்லெட்டிலிருந்து இன்டர்நெட் வழியாக அதற்குள் நுழைந்து அதன் திரையிலேயே வேலை பார்ப்பீர்கள், இதுதான் ரிமோட் டெஸ்க்டாப். 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி போட்ட செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப் டேலிக்கு தாராளம். பழைய லேப்டாப்பில் திரையோ கீலோ மட்டும்தான் போயிருக்கிறது என்றால் ஒரு மானிட்டரை மாட்டி அதையே வைக்கலாம். ஆனால் விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது, 11 ஏறுமா என்று பாருங்க. விண்டோஸ் புரோ பதிப்பாக இருக்கணும், ஹோம் பதிப்பு வெளியிலிருந்து வரும் ரிமோட் டெஸ்க்டாப்பை ஏற்காது. ஸ்லீப்பை ‘நெவர்’ என்று வையுங்க. டெஸ்க்டாப்பானால் பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னால் வரும் செட்டிங் திரை) போய், கரண்ட் போய் வந்தால் தானாக ஆன் ஆகும்படி மாற்றணும். இதை மறந்தால், மின்வெட்டு நாளில் நீங்கள் சாயப் பட்டறையில் நின்றுகொண்டு கம்பெனிக்குப் போன் போட்டு ‘அந்தப் பெரிய பட்டனை அமுக்கு’ என்று சொல்லிக்கொண்டிருப்பீர்கள். சின்ன யூபிஎஸ் அவசியம்; டேலி திறந்திருக்கும்போது கரண்ட் போனால் டேட்டா கெட வாய்ப்பு உண்டு.

டேப்லெட்டில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு மைக்ரோசாஃப்ட்டின் ‘விண்டோஸ் ஆப்’, இரண்டு பக்கமும் டெயில்ஸ்கேல் (இரண்டு சாதனத்தையும் தனிப் பாதையில் இணைக்கும் புரோகிராம்) போடுங்க. ‘ரவுட்டரில் 3389 போர்ட்டை (ரிமோட் டெஸ்க்டாப் நுழையும் கதவு எண்) திறந்துவிட்டால் போதும்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீங்க. இன்டர்நெட் முழுக்க அந்தக் கதவைத் தட்டிப் பார்க்கும் புரோகிராம்கள் ராப்பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் ஏறுகிற பழைய வழி அது.

இப்போது எஃப்8 போட்டு சேல்ஸ் வவுச்சரை நீங்கள் எங்கிருந்தும் போடலாம், சலான் கம்பெனி பிரிண்டரிலேயே அடித்து வரும். டோக்கனில் மட்டும் ஒரு வினோதம். ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்தால், அந்தக் கம்ப்யூட்டரில் சொருகியிருக்கும் டோக்கனே அதற்குத் தெரியாது. டோக்கனை ஸ்மார்ட் கார்டு என்று எடுத்துக்கொண்டு, அதை உங்கள் கையில் இருக்கும் டேப்லெட் பக்கம் தேடுவது ரிமோட் டெஸ்க்டாப்பின் வழக்கம். டோக்கன் கெட்டுவிட்டது என்று புதிதாக வாங்கிவிடாதீங்க. ஃபைலிங் அன்றைக்கு மட்டும், திரையை அப்படியே காட்டும் எனிடெஸ்க் அல்லது குரோம் ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்தால் டோக்கன் தெரியும். மற்ற நாளில் அது மேஜை டிராயரில் பூட்டியிருக்கட்டும்.

கீபோர்டையும் கையில் தொட்டுப் பார்த்தே வாங்குங்க. டேலியில் ஒவ்வொரு திரையிலிருந்தும் வெளியே வர எஸ்கேப் வேண்டும், மெனு எல்லாம் எஃப் வரிசை. 2024-க்கு முந்தைய ஐபேட் மேஜிக் கீபோர்டில் எஸ்கேப்பும் இல்லை, எஃப் வரிசையும் இல்லை. விண்டோஸ் ஆப்பின் திரைப் பட்டன்களை வைத்து நாலு பில் போடலாம், நாற்பது போட முடியாது. எடையிலும் ஏமாறாதீங்க. 2024-இல் வந்த 13 அங்குல ஐபேட் புரோ 579 கிராம், சாம்சங் டேப் எஸ்10 அல்ட்ரா 718 கிராம் என்று இறகு மாதிரித்தான் தெரியும். மேஜிக் கீபோர்டை மாட்டினால் அந்த ஐபேடே 1.24 கிலோ மேக்புக் ஏர் அளவுக்கு வந்துவிடும்.

இத்தனையும் சொன்னாலும், கம்பெனிக்குள்ளே தூக்கிக்கொண்டு நடக்க டேப்லெட்டுக்கு ஈடு இல்லை. பையர் அனுப்பிய டெக்பேக் (அளவு, தையல் விவரக் குறிப்பு) பிடிஎஃப்பைத் திறந்து, மெஷர்மென்ட் தப்பிய இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு, பீஸின் போட்டோவை ஒட்டி அங்கேயே மெயில் போட்டுவிடலாம். நிட்டிங், கட்டிங் பக்கம் பறக்கும் பஞ்சு லேப்டாப் ஃபேன் வழியாக உள்ளே போய் ஹீட்சிங்க் மேல் கம்பளி மாதிரி படியும். சூடேறி, மெதுவாகி, ஒருநாள் தானே ஆஃப் ஆகும். டேப்லெட்டுக்கு ஃபேன் இல்லை. பஞ்சு சேர்ந்து தொந்தரவு தரும் இடம் சார்ஜிங் ஓட்டை. கேபிள் முழுசாக உள்ளே போகாமல் துருத்தி நின்றால், ஆஃப் செய்துவிட்டு மரப் பல்குச்சியால் ஓரமாகச் சுரண்டி எடுங்க. ஊசி, சேஃப்டி பின் வேண்டாம், உள்ளே இருக்கும் தகடு வளைந்துவிடும். கலர் அப்ரூவல் மட்டும் திரையைப் பார்த்துச் சொல்லாதீங்க. ட்ரூ டோன், நைட் மோடு எதுவாவது ஆனில் இருந்தால் லாப் டிப் (சாய மாதிரித் துணி) போட்டோ மஞ்சளடித்துத் தெரியும். அது துணியை ஒரே சீரான வெளிச்சத்தில் காட்டும் லைட் பாக்ஸில் பார்க்க வேண்டிய வேலை.

வெயிலும் ஒரு விஷயம். ஐபேடை 35 டிகிரி வரைக்கும்தான் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். ஈரோடும் கரூர் பரமத்தியும் சித்திரையில் 40-ஐத் தாண்டும். ஷீட் கூரைக்குக் கீழே சார்ஜ் போட்டபடி வேலை பார்த்தால் திரை மங்கும், சார்ஜ் ஏறுவது நிற்கும். காரில் வைத்துப் பூட்டிவிட்டு சரக்கு இறக்கப் போகக் கூடாது.

மகள் விஷயத்தில் காலேஜ் பிஎஸ்ஜியா, சிஐடியா, ஜிசிடியா என்பதை விட டிபார்ட்மென்ட்தான் முக்கியம். மெக்கானிக்கல் என்றால் சாலிட்வொர்க்ஸ், ஆன்சிஸ் என்ற டிசைன் புரோகிராம்கள் வரும். இரண்டும் டேப்லெட்டில் இல்லை. கம்ப்யூட்டர் சயின்ஸில் பைத்தான் எழுதிப் பழக டேப்லெட் போதும், டாக்கர், விர்ச்சுவல் மெஷின் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டுவது மாதிரி) என்று வந்ததும் நின்றுவிடும். டெக்ஸ்டைல், ஃபேஷன் பக்கம் போனாலும் பேட்டர்ன் போடும் ஆக்குமார்க் விண்டோஸ்தான். அவளுக்கு 16 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பே எடுத்துக்கொடுங்க. கணக்குப் பாடங்களுக்குப் பேனாவில் நோட்ஸ் எழுத ஆசைப்பட்டால், சாயந்திரம் கம்பெனி டேப்லெட்டை வாங்கிக்கொள்ளட்டும். டேலி லாகின் பாஸ்வேர்டை மட்டும் அதில் சேவ் செய்து வைக்காதீங்க.