இன்ஸ்டால் ஆகிவிட்டது என்கிறது பிப், மாட்யூலே இல்லை என்கிறது பைத்தான்

கேள்வி: பைத்தான் கற்றுக்கொண்டிருக்கிறேன். டெர்மினலில், பேக்கேஜ்களை இறக்கித் தரும் பிப் மூலம், தரவுகளைக் கையாள உதவும் பாண்டாஸ் பேக்கேஜை இன்ஸ்டால் செய்தேன். மறுபடி முயன்றால் ‘ரிக்வயர்மென்ட் ஆல்ரெடி சாட்டிஸ்ஃபைடு’, அதாவது ஏற்கெனவே இருக்கிறது என்று வருகிறது. ஆனால் எடிட்டரில் புரோகிராமை ஓட்டினால் ‘நோ மாட்யூல் நேம்டு பாண்டாஸ்’ என்ற எரர்தான். வேறு பதிப்பு பைத்தானையும் இறக்கிப் போட்டுப் பார்த்துவிட்டேன். ஒரு வீடியோவில் சொன்னபடி ‘சிஸ் பாத்’தில் ஒரு ஃபோல்டரைச் சேர்த்தேன், இப்போது நம்பை என்ற இன்னொரு பேக்கேஜ் பற்றி வேறொரு எரர் வருகிறது. இணையத்தில் அறிமுகமான ஒருவர், என் கணினியைத் தொலைவிலிருந்து இயக்க அனுமதித்தால் கட்டணத்துக்குச் சரிசெய்து தருவதாகச் சொல்கிறார். அனுமதிக்கலாமா?

பதில்: வேண்டாம். பத்து நிமிட வேலைக்கு வீட்டுச் சாவியை ஒருவரிடம் கொடுக்கத் தேவையில்லை. அவரைப் பற்றிப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் எரர்.

உங்கள் கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட பைத்தான் இருக்கிறது. பிப் ஒரு பைத்தானுக்குள் பாண்டாஸைப் போட்டிருக்கிறது, உங்கள் எடிட்டர் இன்னொரு பைத்தானை ஓட்டுகிறது. ஒவ்வொரு பைத்தானுக்கும் ‘சைட் பேக்கேஜஸ்’ என்று தனி ஃபோல்டர் உண்டு. ஒன்றில் இருப்பது மற்றதற்குத் தெரியாது. அதனால் பிப் சொன்னதும் உண்மை, பைத்தான் சொன்னதும் உண்மை. வேறு பதிப்பை இறக்கிப் போட்டபோது நீங்கள் செய்தது, இருக்கிற பைத்தான்களோடு இன்னொன்றைச் சேர்த்ததுதான்.

இந்தக் குழப்பத்துக்கு உங்களை நான் குறை சொல்ல மாட்டேன். ‘அந்தப் பெயரில் மாட்யூல் இல்லை’ என்று சொல்லத் தெரிந்த எரருக்கு, ‘நான் இந்த இடத்தில் இருக்கிற பைத்தான், இந்த ஃபோல்டர்களில் தேடினேன்’ என்று கூடவே ஒரு வரி சொல்வதில் என்ன கஷ்டம்? அந்த ஒரு வரி இருந்தால் உலகத்தில் பாதிப் பேருடைய மாலைப்பொழுது மிச்சமாகும். பைத்தான் 3.6இல் இந்த எரருக்குத் தனிப் பெயரே வைத்தார்கள். எங்கே தேடினோம் என்று மட்டும் இன்றுவரை சொல்வதில்லை.

அது சொல்லாததை நாம் கேட்டு வாங்க வேண்டும். எந்த ஃபைலில் எரர் வருகிறதோ அதே ஃபைலின் தலையில் இரண்டு வரி எழுதுங்கள். முதல் வரியில் ‘இம்போர்ட் சிஸ்’. இரண்டாவது வரியில் ‘பிரிண்ட்’ போட்டு, அடைப்புக்குறிக்குள் ‘சிஸ் புள்ளி எக்ஸிக்யூட்டபிள்’. எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில். வழக்கமாக எப்படி ஓட்டுவீர்களோ அப்படியே எடிட்டரில் ஓட்டுங்கள். எரருக்கு மேலே ஒரு முழு முகவரி வரும். உங்கள் புரோகிராமை ஓட்டுகிற பைத்தான் அதுதான்.

அடுத்து டெர்மினலில் ‘பிப்’ என்று அடித்து, இடைவெளி விட்டு, இரண்டு சிறுகோடு போட்டு ‘வெர்ஷன்’ என்று கேளுங்கள். பிப்பின் பதிப்பு, அது குடியிருக்கும் ஃபோல்டர், கடைசியில் அடைப்புக்குறிக்குள் அது எந்தப் பைத்தானைச் சேர்ந்தது என்று ஒரே வரியில் பதில் வரும். முன்னால் உள்ள பதிப்பு எண்ணைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது நடுவில் உள்ள முகவரியையும் கடைசி அடைப்புக்குறியையும். எடிட்டர் காட்டியது 3.13, அடைப்புக்குறிக்குள் 3.11 என்றிருந்தால் விஷயம் முடிந்தது. எண் ஒன்றாகவே இருந்தாலும் முகவரி வேறாக இருக்கலாம், அதையும் ஒப்பிடுங்கள்.

சரிசெய்ய இரண்டு வழி. எடிட்டரை பாண்டாஸ் உள்ள பைத்தானுக்கு மாற்றலாம். விஎஸ் கோட் என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தி ‘பைத்தான்: செலக்ட் இன்டர்பிரட்டர்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அல்லது எடிட்டர் ஓட்டுகிற பைத்தானுக்கே பாண்டாஸைப் போடலாம். இதற்கு வெறும் ‘பிப்’ என்று தொடங்காதீர்கள். முதலில் பிரிண்டில் வந்த அந்த முழு முகவரி, பிறகு இடைவெளி, சிறுகோடு, ‘எம்’, பிறகு ‘பிப் இன்ஸ்டால் பாண்டாஸ்’. முகவரியின் நடுவில் இடைவெளி இருந்தால் அதை மேற்கோள் குறிக்குள் வையுங்கள். பவர்ஷெல் என்றால் அதற்கு முன்னால் ஓர் ‘ஆண்ட்’ குறியும் வேண்டும். இப்படிச் செய்தால் ‘இந்தப் பைத்தானே, உன்னுடைய பிப்பை ஓட்டு’ என்று பொருள். எந்தப் பிப் யாருடையது என்ற கேள்விக்கே இடமில்லை. தனியாக ‘பிப்’ என்று அடிக்கும் பழக்கத்தையே விட்டுவிடுங்கள் என்பேன். நோட்புக்கில் எழுதுகிறவர்கள் செல்லுக்குள் விழுக்காட்டுக் குறி போட்டு ‘பிப் இன்ஸ்டால்’ எழுதினால் போதும், அது கெர்னலுக்கே, அதாவது அந்த நோட்புக்கை ஓட்டுகிற பைத்தானுக்கே போகும்.

உங்கள் பிரச்சினை பெரும்பாலும் இங்கேயே தீர்ந்திருக்கும். வீடியோவில் பார்த்த வேலைக்கு இப்போது வருவோம்.

பைத்தான் ஒரு மாட்யூலை எப்படித் தேடுகிறது என்றால், முன்பே ஏற்றிய மாட்யூல்களில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கும். பிறகு அதற்குள்ளேயே கட்டிய சில மாட்யூல்கள். அதற்குப் பிறகுதான் ‘சிஸ் பாத்’ என்ற பட்டியல். அதில் முதல் இடம் நீங்கள் ஓட்டும் ஸ்கிரிப்ட் இருக்கிற ஃபோல்டருக்கு, கடைசி இடம் சைட் பேக்கேஜஸுக்கு. வரிசையாகப் பார்த்துக்கொண்டு போய், முதலில் கிடைப்பதை எடுத்துக்கொண்டு தேடலை நிறுத்திவிடும். வீடியோக்காரர் சொன்னபடி நீங்கள் பட்டியலின் கடைசியில் இன்னொரு பைத்தானின் சைட் பேக்கேஜஸைச் சேர்த்துவிட்டீர்கள். இப்போது பாண்டாஸ் கண்ணில் படும். ஆனால் பாண்டாஸுக்கு நம்பை வேண்டும், நம்பைக்குள் சி மொழியில் எழுதித் தொகுத்த ஃபைல்கள் இருக்கின்றன. அந்த ஃபைல்களின் பெயரைப் பாருங்கள், நடுவிலோ கடைசியிலோ 311 என்பது போல ஓர் எண் ஒட்டியிருக்கும். 3.11க்கென்று தொகுத்தது என்று பொருள். 3.13 அதை ஏற்றாது. உங்களுக்கு வந்த புது எரர் இதுதான். அந்த வரியை அழித்துவிடுங்கள். இதே கோளாறை நிரந்தரமாக்குகிற யோசனையும் உலவுகிறது, ‘பைத்தான்பாத்’ என்ற என்விரான்மென்ட் வேரியபிளில், அதாவது எல்லாப் புரோகிராமும் படிக்கும் கணினி அமைப்பில், அந்த ஃபோல்டரை எழுதிவைக்கச் சொல்லி. அது கணினியில் உள்ள எல்லாப் பைத்தானையும் பாதிக்கும். எழுதிவைத்ததே மறந்துபோய், வேறொரு நாள் வேறொரு புரோகிராமில் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

பைத்தான் ஒன்றுதான், முகவரியும் பொருந்துகிறது, பேக்கேஜும் இருக்கிறது, அப்படியும் ‘மாட்யூல் இல்லை’ என்று வருவதுண்டு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஏமாற்றுக்காரர்கள் வலை விரிப்பது பெரும்பாலும் இங்கேதான்.

பட்டியலில் முதல் இடம் உங்கள் ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டருக்கு என்றேன். அந்த ஃபோல்டரில் ‘ஈமெயில் புள்ளி பிஒய்’ என்று ஒரு பயிற்சி ஃபைல் வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பக்கத்தில் உள்ள இன்னொரு ஸ்கிரிப்டில், இணையப் பக்கங்களைக் கேட்டு வாங்கும் ரிக்வெஸ்ட்ஸ் பேக்கேஜை இம்போர்ட் செய்கிறீர்கள். ஈமெயிலை நீங்கள் கேட்கவே இல்லை. ஆனால் ரிக்வெஸ்ட்ஸ் இன்னொன்றைக் கேட்கும், அது பைத்தானோடு வரும் எச்டிடிபி மாட்யூலைக் கேட்கும், அது பைத்தானோடு வரும் ஈமெயிலைக் கேட்கும். பட்டியலில் முதலில் நிற்பது உங்கள் பயிற்சி ஃபைல். அது மாட்டிக்கொள்ளும். எரர் எப்படி வரும் தெரியுமா? ‘நோ மாட்யூல் நேம்டு ஈமெயில் புள்ளி பார்ஸர்’, அரைப்புள்ளி, ‘ஈமெயில் இஸ் நாட் அ பேக்கேஜ்’. பார்த்தவுடன் எல்லாருக்கும் கை பரபரக்கும், ‘பிப் இன்ஸ்டால் ஈமெயில்’ என்று அடிக்க. அடிக்கக் கூடாது. ஈமெயில் பைத்தானோடேயே வருவது, அதை எங்கிருந்தும் இறக்க வேண்டியதில்லை. ‘இஸ் நாட் அ பேக்கேஜ்’ என்ற அந்த வாலைப் பார்த்தாலே, ‘என் ஃபைல் ஏதோ குறுக்கே நிற்கிறது’ என்று பிடித்துவிட வேண்டும். சில சமயம் அதே கோளாறு ‘பார்ஷியலி இனிஷியலைஸ்டு மாட்யூல்’ என்று வந்து, அடைப்புக்குறிக்குள் சர்க்குலர் இம்போர்ட், அதாவது இரண்டு ஃபைல்கள் ஒன்றையொன்று இம்போர்ட் செய்கின்றன என்று வேறு திசையைக் காட்டும். 3.13இல்தான் ஒருவழியாக, உன் ஃபைலின் பெயரை மாற்றிப் பார் என்று வாய் திறந்து சொல்லத் தொடங்கியிருக்கிறது, அதுவும் எல்லா இடத்திலும் இல்லை.

சந்தேகம் இருந்தால் மாட்யூலின் பெயரோடு புள்ளி வைத்து, இரண்டு அடிக்கோடு, ‘ஃபைல்’, மறுபடி இரண்டு அடிக்கோடு சேர்த்து பிரிண்ட் செய்யுங்கள். எந்த ஃபைலை ஏற்றியது என்று முகவரியோடு வரும். உங்கள் ஃபோல்டர் தெரிந்தால் குற்றவாளி அகப்பட்டான். ரேண்டம், டோக்கன், க்யூ, காலண்டர் என்ற பெயர்களில் பயிற்சி ஃபைல் வைப்பதை நிறுத்துங்கள். பாண்டாஸ் பழக ‘பாண்டாஸ் புள்ளி பிஒய்’ என்று ஃபைல் திறப்பவர்களும் ஏராளம். பெயரை மாற்றினாலே போதும். பைத்தான் தொகுத்த நகல்களைச் சேமிக்கும் ‘பைகேச்’ ஃபோல்டரையும் துடைக்க வேண்டும் என்று சிலர் சாங்கியம் செய்வார்கள். பைத்தான் 3இல் மூல ஃபைல் போய்விட்டால் அங்கே இருக்கும் நகலை அது கண்டுகொள்ளாது. 3.11 முதல் பைத்தானுக்குப் பக்கத்தில் சிறுகோடும் பெரிய ‘பி’யும் போட்டு ஓட்டினால் ஸ்கிரிப்ட் ஃபோல்டரைப் பட்டியலில் சேர்க்காமலே ஓடும். அப்படி ஓட்டி எரர் மறைந்தால் கோளாறு உங்கள் ஃபோல்டரில்தான்.

எரரில் தெரியும் பெயரை அப்படியே பிப்பில் அடிப்பது ஏன் ஆபத்து என்று இப்போது சொல்கிறேன். இம்போர்ட் செய்யும் பெயரும் இன்ஸ்டால் செய்யும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ‘சிவி2’ வேண்டுமென்றால் ‘ஓப்பன்சிவி-பைத்தான்’ இன்ஸ்டால் செய்ய வேண்டும். ‘பிஐஎல்’ என்றால் ‘பில்லோ’. ‘யாமல்’ என்றால் ‘பையாமல்’. ‘எஸ்கேலேர்ன்’ என்றால் ‘சைக்கிட்-லேர்ன்’. இத்தனை வருடமாக இதை ஒழுங்குபடுத்த யாருக்கும் மனம் வரவில்லை. பைபிஐ என்ற அந்தப் பொதுக் களஞ்சியத்தில் கணக்கு வைத்திருக்கும் எவரும் காலியாக இருக்கும் பெயரில் பேக்கேஜ் ஏற்றலாம், முன்கூட்டியே யாரும் உட்கார்ந்து சரிபார்ப்பதில்லை. ஆகவே நீங்கள் தப்பாக அடிக்கக்கூடிய பெயர்களில் முன்பே போய் உட்கார்ந்திருக்கிறார்கள்.

2017இல் ஸ்லோவாக்கியாவின் தேசியப் பாதுகாப்பு அலுவலகம் இப்படிப் 10 போலிப் பேக்கேஜ்களைப் பிடித்துக் காட்டியது. அவற்றில் இருந்த வேண்டாத நிரல் இன்ஸ்டால் செய்யும்போதே ஓடிவிடும், இம்போர்ட் செய்யும்வரைகூடக் காத்திருக்காது. 2019 டிசம்பரில் அகப்பட்டது இன்னும் துணிச்சலானது. ‘ஜெல்லிஃபிஷ்’ என்ற நல்ல பேக்கேஜின் பெயரில் முதல் சிறிய ‘எல்’லை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பெரிய ‘ஐ’யை வைத்திருந்தார்கள். திரையில் இரண்டும் ஒரே கோடாகத்தான் தெரியும். அது எஸ்எஸ்எச், ஜிபிஜி சாவிகளை, அதாவது வேறு கணினிகளுக்குள் நுழையவும் கையொப்பமிடவும் பயன்படும் ரகசிய ஃபைல்களைத் திருடியது. கிட்டத்தட்ட ஓராண்டு அது களஞ்சியத்தில் கிடந்தது. இப்போது இன்னொரு தொல்லை, இல்லாத பேக்கேஜ் பெயர்களைச் செயற்கை நுண்ணறிவு உதவியாளர்கள் கற்பனையாகச் சொல்லிவிடுகின்றன. அந்தப் பெயரில் யாராவது நாளை ஒன்றை ஏற்றிவைத்தால் தடுப்பாரில்லை. எனவே பெயரை அந்தப் பேக்கேஜின் அதிகாரப்பூர்வ ஆவணத்திலிருந்து நகலெடுங்கள். நினைவிலிருந்து அடிக்க வேண்டாம், வீடியோவின் கீழே உள்ள கமெண்டிலிருந்து வேண்டவே வேண்டாம். ‘மாட்யூல் ஃபிக்ஸர்’ என்ற பெயரில் யாராவது இறக்கச் சொல்லும் கருவிக்கும் இதே பதில்.

லினக்ஸில் ‘எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்’ என்று பிப் மறுத்தால், ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’ என்ற ஆப்ஷனைப் போடச் சொல்லிச் சிலர் வழிகாட்டுவார்கள். டெபியன் 12 முதல் இந்தத் தடுப்பு இருக்கிறது, காரணத்தோடுதான் இருக்கிறது. அந்த ஆப்ஷனின் பெயரே சிஸ்டத்தை உடை என்கிறது, பிறகும் போடுகிறார்கள்! அதற்கான முறையான வழி வெர்ச்சுவல் என்விரான்மென்ட், அதாவது ஒரு ப்ராஜெக்டுக்கென்று தனியாக ஒதுக்கிய பைத்தான், 3.3 முதல் பைத்தானோடேயே வரும் ‘வென்வ்’. உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் போய் ‘பைத்தான்’, சிறுகோடு, ‘எம்’, ‘வென்வ்’, பிறகு புள்ளியோடு ஒட்டி மறுபடி ‘வென்வ்’. உருவான ஃபோல்டருக்குள் உள்ள பைத்தானையே எடிட்டரில் தேர்ந்தெடுங்கள், பாண்டாஸை அதற்குப் போடுங்கள். அந்த ஃபோல்டரை வேறு இடத்துக்கு நகர்த்தாதீர்கள், உள்ளே முழு முகவரிகள் எழுதப்பட்டிருக்கும். இடம் மாறினால் அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குங்கள்.

கடைசியாக அந்தக் கட்டணக்காரர். மேலே சொன்ன ‘சிஸ் பாத்’ ஒட்டுவேலையையோ பைத்தான்பாத் எழுதுவதையோதான் அவர் செய்வார் என்று நினைக்கிறேன், அடுத்த பேக்கேஜுக்கு மறுபடி அவரையே கூப்பிட வேண்டியிருக்கும். அது பரவாயில்லை. தொலைவிலிருந்து இயக்குகிறவர் பார்ப்பது உங்கள் எடிட்டரை மட்டும் அல்ல, பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களும் உங்கள் சாவி ஃபைல்களும் அதே கணினியில்தான் இருக்கின்றன. ஏற்கெனவே ஒருமுறை அவரை உள்ளே விட்டிருந்தால், அந்த மென்பொருளை நீக்கிவிட்டு, முக்கியமான கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து இன்றே மாற்றுங்கள். எஸ்எஸ்எச் சாவி வைத்திருந்தால் பழையதை ரத்து செய்து புதிது உருவாக்குங்கள்.