லிப்போசோமில் பெப்டைடு நுழையாதது குறித்து

வணக்கம். ஈ.கோலை பாக்டீரியாவின் பெப்டைடு கடத்தியான டிடிபிஏ புரதத்தை லிப்போசோமில் (கொழுப்புச் சவ்வாலான செயற்கை நுண்குமிழியில்) பதித்து, இருபுறமும் பிஎச் 7.5 வைத்து, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி சேர்த்தும் டைபெப்டைடு (இரண்டு அமினோ அமிலங்கள் இணைந்த துண்டு) உள்ளே சேரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். புரதம் கெட்டுவிட்டதென்று தயவுசெய்து அதற்குள் முடிவுகட்டிவிடாதீர்கள்.

ஏடிபியைச் செலவழித்துப் பெப்டைடை ஏற்றுவது, அதே பாக்டீரியாவின் ஓபிபி போன்ற வேறு கடத்தித் தொகுதிகளே. 14 சுருள்களாகச் சவ்வை ஊடுருவி நிற்கும் டிடிபிஏவோ, உள்ளே பாயும் புரோட்டானின் விசையைக் கொண்டு இரண்டு அல்லது மூன்று அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடுகளைக் கடத்துகிறது. அந்த விசை உங்கள் குழாயில் இல்லை. உள்ளே 7.5, வெளியே 6 என்று பாஸ்பேட் கரைசலில் வைத்து, உள்ளே பொட்டாசியமும் வெளியே சோடியமும் இட்டு, பொட்டாசியத்தைச் சவ்வின் வழியே வெளியேறவிட்டு உட்புறத்தை எதிர்மின்னாக்கும் வாலினோமைசின் சேர்த்துப் பாருங்கள்.

பிஎச்சை நிலைநிறுத்தப் பாஸ்பேட்டுக்குப் பதிலாகப் பயன்படுத்தும் டிரிஸ் கரைசலைத் தவிர்ப்பது நல்லது. குளிர் அறையில் 4 டிகிரியில் 7.5 எனச் சரிசெய்த டிரிஸ், நம் மதுரையின் மே மாதத்தில் 34 டிகிரி மேசைமேல் ஏறத்தாழ 6.7க்கு இறங்கிவிடும், அதில் நானே இரண்டு வாரச் சோதனையை இழந்திருக்கிறேன்.