புத்தகத்தை மூடிவிட்டுப் படம் கீறச் சொல்லுங்கள்

தங்கச்சி, போன கிழமை நீங்கள் மகளோடு வந்து போன பிறகும் அந்த உயிரியல் புத்தகம் என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு என்று மூன்று ஹைலைட்டர். சில பக்கங்களில் நிறம் பூசாத வரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. இரவு ஒரு மணி வரைக்கும் விழித்திருந்து படிக்கிற பிள்ளை, உயர்தரப் பரீட்சைக்கு இரண்டாம் தடவை தோற்றப் போகிறது. "உயிரியலை விட்டுவிட்டு வேறு ஏதாவது பார்க்கலாமா?" என்று கேட்டீர்கள். அந்த முடிவை இப்போது எடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். பிள்ளைக்கு இந்தப் பாடம் ஓடாது என்று காட்டுகிற எதையும் நான் காணவில்லை. வாசித்ததைத் தனக்குள் அடுக்கிப் பார்க்க யாரும் பழக்கிவிடவில்லை, அவ்வளவுதான்.

இலை ஒளியைக் கொண்டு வெல்லம் ஆக்குகிற ஒளித்தொகுப்பைப் பற்றி நான் கேட்டது உங்களுக்கு நினைவிருக்கும். ஒளியின் சக்தியைப் பிடிக்கிற ஒளித்தாக்கம் என்றால் என்ன, வெல்லம் ஆக்குகிற கல்வின் வட்டம் என்றால் என்ன, இரண்டையும் மகள் பிசகாமல் ஒப்புவித்தார். "கல்வின் வட்டம் ஒளியை நேரே பயன்படுத்துவதில்லையே, பிறகு ஏன் இருட்டில் அதுவும் நின்றுபோகிறது?" என்றதும் வாயடைத்துப் போனார். அந்த விடை புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் இரண்டு பந்திகளுக்கு இடையில் இருக்கிறது. ஹைலைட்டர் வரிக்குத்தான் நிறம் பூசும், இரண்டு பந்திகளுக்கு இடையில் உள்ள உறவுக்குப் பூசாது.

ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு பெட்டிகள் கீறச் சொல்லுங்கள். ஒன்று ஒளித்தாக்கம் நடக்கிற தைலக்கொயிட்டு, மற்றது கல்வின் வட்டம் நடக்கிற பஞ்சணை. முதல் பெட்டிக்குள் ஒளியும் நீரும் போகின்றன, ஒட்சிசன் வெளியே வருகிறது. இரண்டாவதுக்குள் காபனீரொட்சைட்டு போகிறது, வெல்லம் உருவாகிறது. இதுவரைக்கும் எல்லாப் பிள்ளைகளும் கீறிவிடுவார்கள். விசயம் நடுவில் உள்ள அம்புக்குறிகளில் இருக்கிறது. முதல் பெட்டியிலிருந்து, சக்தியைச் சுமக்கிற ஏ.ரி.பி.யும் என்.ஏ.டி.பி.எச்.சும் இரண்டாவதுக்குப் போகின்றன. செலவான பிறகு ஏ.டி.பி.யும் என்.ஏ.டி.பி.யும் திரும்பி வருகின்றன. அந்த அம்புகளைக் கீறும்போதே விளங்கிவிடும்: ஒளி இல்லாவிட்டால் முதல் பெட்டி எதையும் அனுப்பாது, இரண்டாவது பெட்டி பட்டினி கிடக்கும். வினாத்தாளின் அமைப்புக் கட்டுரையிலும் கட்டுரையிலும் பிள்ளைகள் புள்ளி இழப்பது பெரும்பாலும் இந்த மாதிரி "ஏன்" கேள்விகளில்தான்.

இதை உயிரியலில் தொடங்க வேண்டும் என்றில்லை. கை பழகுவதற்கு நம் ஊர்ச் சங்கதி ஒன்றையே எடுக்கலாம். மாரியில் மேற்கே மழை கொட்டினால் ஆறுகள் பெருகி மட்டக்களப்பு வாவிக்கு வரும், வாவி நிரம்பும், அதன் மேற்குக் கரையான படுவான்கரையின் வயலும் பாதையும் தாழும், முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டிவிடுவார்கள், வெள்ளம் கடலுக்கு வடியும், பிறகு கடல்நீர் உள்ளே ஏறி வாவி உவர்ப்பாகும். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. இதை அம்புக்குறிகளால் தொடுத்துக் கீறச் சொல்லிவிட்டு, "மணல்மேட்டை வெட்டாவிட்டால் எந்த அம்பு மாறும்?" என்று நீங்களே கேளுங்கள். நீங்கள் உயிரியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஒளித்தொகுப்புப் படத்தை வைத்துக்கொண்டும் இதே கேள்வியைக் கேட்கலாம்: "இந்த அம்பை அழித்தால் என்ன நடக்கும், மகள்?"

படம் கீறுவதற்கு முன்னால் ஒரு சட்டகம் வேண்டும். அத்தியாயத்தின் தலைப்பு, உள்தலைப்பு, ஒவ்வொரு பந்திக்கும் சொந்த வசனத்தில் ஒரு வரி. பெரியது இடப்பக்கம், அதற்குக் கீழ்ப்பட்டது கொஞ்சம் உள்தள்ளி. ஒரு பக்கத்துக்கு மேல் போனால் அது சட்டகம் இல்லை, நோட்ஸ். ரியூசனில் சொல்லச் சொல்ல எழுதிய கொப்பிகள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன.

சட்டகத்தைப் பார்த்தால் எந்தப் படம் பொருந்தும் என்று தெரியும். நாடியையும் நாளத்தையும் ஒப்பிடுகிற பகுதிக்கு இரண்டு நிரல் அட்டவணை போதும். விலங்குகளின் பாகுபாட்டுக்குக் கிளை விடுகிற மரம். இதயத்துக்கூடாகக் குருதி போகிற வழிக்கு வட்டம். எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு வட்டம் போட்டுச் சிலந்திக் கால் இழுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது, எனக்கு அதில் உடன்பாடில்லை. கால்கள் ஒன்றோடொன்று பேசாவிட்டால் அது அலங்காரமாகத்தான் முடியும். கோர்னெல் பல்கலைக்கழகத்தில் 1970களில் கருத்துப் படத்தை உருவாக்கிய ஜோசப் நோவாக், இரண்டு சொற்களை இணைக்கிற கோட்டின் மேலும் ஒரு சொல் எழுத வேண்டும் என்று வைத்தார். "உண்டாக்குகிறது", "தடுக்கிறது", "தேவைப்படுகிறது" என்று ஏதாவது ஒன்று. எழுத வரவில்லையென்றால் அந்த இடம் விளங்கவில்லை என்று பிள்ளையே கண்டுபிடித்துவிடும்.

அப்புறம் முக்கியமான ஒன்று. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கீறினால் கை பார்த்து எழுதும், தலை சும்மா இருக்கும். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் கார்பிக், பிளண்ட் என்ற இருவர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பாடத்தைப் பார்த்தபடி கருத்துப் படம் கீறிய மாணவர்களைவிட, வாசித்து மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிய மாணவர்கள் ஒரு கிழமை கழித்து நடந்த சோதனையில் நன்றாகச் செய்தார்கள். படம் கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. மூடிவிட்டுக் கீறிய படமும் நன்றாகவே உதவுகிறது என்று அதே இருவர் 2014இல் காட்டினார்கள். ஆகவே ஒழுங்கு இதுதான்: வாசிக்கட்டும், மூடட்டும், கீறட்டும், பிறகு திறந்து விடுபட்டதைச் சிவப்புப் பேனாவால் சேர்க்கட்டும். அந்தச் சிவப்பு இடங்களை மட்டும் மறுநாள் பார்த்தால் போதும்.

முதல் இரண்டு கிழமை பிள்ளை சலித்துக்கொள்ளும். ஒரு மணி நேரத்தில் பத்துப் பக்கம் முடித்தவருக்கு இப்போது மூன்று பக்கம்தான் போகும். "என்ன, இன்னும் இந்தப் பாடத்திலேயே நிற்கிறாய்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், தங்கச்சி. படம் அழகாக இல்லை என்றும் சொல்லாதீர்கள். இரவு பத்தரைக்கு விளக்கை அணைக்கச் சொல்லுங்கள்.

இந்தப் பழக்கம் பரீட்சையோடு முடிகிற ஒன்று இல்லை என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்கோ சம்மாந்துறை வளாகத்துக்கோ விஞ்ஞானம் படிக்கப் போனால் பாடம் ஆங்கிலத்தில். நீண்ட ஆங்கில வசனத்தில் தடுமாறுகிற பிள்ளைக்குப் பத்துச் சொல்லும் நாலு அம்பும் உள்ள ஒரு தாள் பெரிய துணை. தாதியர் பயிற்சிக்குப் போனாலும், அரசாங்க வேலைக்கான போட்டிப் பரீட்சையில் கிரகித்தல் எழுதினாலும், கையில் வேண்டியது இதே பழக்கம்தான்.

வருகிற மாதம் மகளைத் திரும்பவும் கூட்டி வாருங்கள். நிறம் பூசிய புத்தகம் வேண்டாம். மூடிவிட்டுக் கீறிய தாள்கள் பத்தையும், சிவப்புப் பேனாத் திருத்தங்களோடு, அப்படியே கொண்டு வரட்டும். பாடத்தை மாற்றுவதா இல்லையா என்பதை அந்தத் தாள்களை விரித்து வைத்துக்கொண்டு மூன்று பேருமாக இருந்து பேசுவோம்.